கால்வாசி

மூடியைத் திரும்பத் தள்ளி வைக்கும்போதுதான் அவன் அதைப் பார்த்தான். கழிவுத் தொட்டிக்குள் டார்ச் அடித்திருக்கவே வேண்டியதில்லை. வேலை முடிந்திருந்தது. அந்த வீட்டுத் தையல்காரம்மா திருப்தியோடு உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். குழாயைச் சுருட்டி வண்டியில் ஏற்றினால் கிளம்பிவிடலாம். கை பழக்கத்தில் அடித்துவிட்டான். வாய்க்கால் பக்கத்துச் சுவர் நடுவில் லேசாகத் தொந்தி போட்டிருந்தது. செங்கல் இடுக்கு ஒன்றிலிருந்து சேற்றுத் தண்ணீர் வியர்வை மாதிரி கசிந்து இறங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். மூடியைக் காலால் தள்ளி மூடினான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வண்டி சொந்த வண்டி. தானே ஓட்டி, தானே குழாயை இறக்கி, வீட்டுத் தொட்டிகளில் நிரம்பியதை உறிஞ்சி எடுத்து, நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டிவிட்டு வருகிற இந்தத் தொழிலை அவன் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் மில்லில் ராத்திரி ஷிப்ட். விடிய விடிய இயந்திரத்துக்குக் காவல் நின்றுவிட்டு, ஊரே எழுந்து சத்தம் போடுகிற நேரத்தில் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுக்கிற பிழைப்பு. ஒருநாள் ஷிப்டுக்கு நடுவிலேயே கேட்டைத் தாண்டி நடந்து வந்தவன் திரும்பிப் போகவில்லை. கழிவு எடுக்கிற வண்டி வாங்கப் போகிறேன் என்றதும் மனைவி வீட்டில் ஆளாளுக்கு மூக்கைப் பிடித்தார்கள். மச்சான் மட்டும் வாய்விட்டே சொன்னான்: "அக்காவுக்கு இன்னும் நாலு இடம் பாத்திருக்கலாம்."

மாமனார்தான் குறுக்கே விழுந்தார். "எல்லாரும் உள்ள விடுறதைத்தானடா அவர் வெளிய எடுக்கப் போறார்? அதுவும் சொந்த வண்டியில. நீ இன்னும் வாடகை சைக்கிள்ல போறவன்." மாமனார் கொத்தனார். சுற்றுவட்டாரத்தில் அவரை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். "நான் கட்டுன தொட்டியெல்லாம் ஒண்ணொண்ணா நிரம்புற வயசுக்கு வந்தாச்சு மாப்ள" என்று சிரித்தார். சிரித்ததோடு நிற்கவில்லை. போகிற இடமெல்லாம் சொல்லி வைத்தார். அவனுக்கு வந்த முதல் வேலைகள் எல்லாமே மாமனார் கட்டிய தொட்டிகள். மேஸ்திரி சொன்ன ஆள் என்பதால் வாசலில் நிற்க வைத்துப் பேரம் பேசாமல் பின்பக்கம் கூட்டிப் போனார்கள். பிள்ளைகள் வண்டிக்கு 'அத்தர் வண்டி' என்று பேர் வைத்தன. பிறகு அவனுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. "அத்தர் வந்தாச்சா?" என்று பெரியவர்களும் போனில் கேட்டார்கள். அவனும் "வந்துட்டே இருக்கேன்" என்றான்.

வண்டியை விற்றவர் இந்தத் தொழிலில் முதுகு வளைந்த மனிதர். சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "மழைக்காலத்துல எந்தத் தொட்டியையும் முழுசா எடுத்துடாத. கால்வாசி விட்டுட்டு வா. வெளிய மண்ணு தண்ணி குடிச்சு ஊதி நிக்கும். உள்ள கெடக்கிற நாத்தம்தான் சுவருக்கு முட்டு. அதையும் எடுத்தீன்னா சுவர் உள்ள வந்து விழும்."

அது அவனுக்கு மறக்கவில்லை. அன்றைக்குத் தையல்காரம்மா வீட்டில் கால்வாசியோடு பம்பை நிறுத்தவும் செய்தான். அவர் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, அடியில இவ்ளோ கெடக்கு? போன தடவை வந்தவன் தரை தெரியிற மாதிரி எடுத்தான். மேஸ்திரி மருமகன்னு கூப்பிட்டா நீ மேலால வழிச்சுட்டுப் போறியே."

போன தடவை வந்தவன் கோடையில் வந்திருப்பான். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரில் பாதிப் பெண்கள் ஜாக்கெட் தைக்க வந்து போகிற வீடு அது. அத்தர் வேலையில் அரைகுறை என்று ஒரு பேச்சு அந்த மிஷினில் மாட்டினால் ஊர் முழுக்கத் தைத்துவிடும். அவன் குழாயை மறுபடி உள்ளே விட்டான். தரை தெரிந்தது.

மறுநாள் காலையில் மாமனாரே போனில் கூப்பிட்டார். "மாப்ள, வண்டியை எடுத்துக்கிட்டுத் தையல்காரம்மா வீட்டுக்கு வாங்க. தொட்டிச் சுவர் உள்ள போயிடுச்சு."

போனபோது தொட்டியின் கான்கிரீட் மேல் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. துணி துவைக்கிற கல் பாதி பள்ளத்துக்குள் இருந்தது. தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு கத்திக்கொண்டிருந்தார்.

"என் பிள்ளை அந்தக் கல்லு மேல நின்னுதான் பல் தேய்ப்பான் மேஸ்திரி! அவன் நின்னிருந்தா? இதுதான் நீங்க கட்டுற லட்சணமா?"

மாமனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விழுந்த செங்கல் ஒன்றில் ஒட்டியிருந்த காரையை விரலால் சுரண்டினார். வருஷக்கணக்காகத் தண்ணீரில் ஊறிய காரை. பொடியாக உதிர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"கலவை தப்பிடுச்சு போலம்மா" என்றார் கடைசியில். "நானே கட்டித் தரேன். நீங்க ஒண்ணும் தர வேணாம்."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவன் வாயைத் திறந்தான். உண்மையாகவே திறந்தான். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தபடி வேலி ஓரமாக நகர்ந்துவிட்டான். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்காரர், தொட்டி நிரம்பிவிட்டதாம். "மேஸ்திரிதான் உங்க நம்பர் குடுத்தார்" என்றார். நாலு வார்த்தையில் முடிகிற பேச்சை அவன் இழுத்து இழுத்துப் பேசினான். திரும்பி வந்தபோது சொல்ல வேண்டிய நேரம் போயிருந்தது. அல்லது அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

பலகையை அகற்றி, பள்ளத்தை நன்றாகக் காற்றாட விட்டு, அதற்குப் பிறகுதான் மாமனார் ஏணியில் இறங்கினார். வலது முழங்கால் மடங்காது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். தினமும் காலையில் அவன் போய் ஊறியிருக்கிற தண்ணீரை உறிஞ்சிக் கொடுக்க வேண்டும். உறிஞ்ச உறிஞ்ச வாய்க்கால் பக்கத்து மண்ணிலிருந்து தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. மாமனார் அந்த மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"பாத்தீங்களா மாப்ள, என்ன தள்ளு தள்ளுதுன்னு."

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தான். கண்டுபிடித்தால் நிம்மதி என்றும் நினைத்தான்.

"இந்த எடத்துல ஒத்தைக்கல் கனத்துல சுவர் வெச்சிருக்கேன் பாருங்க. அன்னைக்கு என் புத்தி எங்க மேயப் போச்சோ" என்றார் மாமனார். கரண்டியால் கலவையை அள்ளி, குனிந்து, மறுபடி கட்டத் தொடங்கினார். மேலே நின்று செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான் அவன். கொடுத்த ஒவ்வொரு கல்லையும் அவர் தட்டிப் பார்த்துத்தான் வைத்தார். முன்பெல்லாம் அப்படித் தட்டுகிறவர் கிடையாது.

புதுச்சுவர் எழுந்த பிறகும் அந்தத் தட்டல் நிற்கவில்லை.

"அப்பா சாப்பிட்டுக்கிட்டே சுவரைத் தட்டுறாராம்" என்றாள் மனைவி. அவன் கொல்லையில் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் மக்கில் தண்ணீர் ஊற்றினாள். "அம்மா போன்ல அழுவுது. பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு வேலை வந்துச்சாம், பிள்ளைங்க நடமாடுற எடம், நான் கட்டலைன்னு வேற ஆளைக் காட்டி விட்டுட்டாராம். எங்கப்பா கலவையில ஏமாத்துற ஆளில்லங்க."

"தெரியும்."

"நீங்க அன்னைக்கு உள்ள பாத்தீங்கல்ல? சுவர் எப்படி இருந்துச்சு?"

"இருட்டா இருந்துச்சு" என்றான். டார்ச் சட்டைப் பையில் இருந்தது. சட்டை அவள் தோளில் கிடந்தது.

அவள் இன்னொரு மக் தண்ணீர் ஊற்றினாள். அவன் மறுபடி சோப்பை எடுத்தான்.

அதற்குப் பிறகு மாமனார் அவனோடு வண்டியில் வர ஆரம்பித்தார். கேட்கவெல்லாம் இல்லை. ஒருநாள் காலையில் வாசலில் நின்றார், கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "நான் கட்டுனதை எல்லாம் ஒரு தடவை பாத்துடுறேன் மாப்ள. யார் பிள்ளையாவது உள்ள விழறதுக்கு முன்னாடி." அவன் பம்பை நிறுத்தியதும் மூடி ஓரத்தில் மண்டியிடுவார். அவனுடைய டார்ச்சை வாங்கி உள்ளே அடிப்பார். கரண்டிப் பிடியால் எட்டுகிற வரைக்கும் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். சுவர்கள் எல்லாம் நேற்றுக் கட்டியவை மாதிரி நின்றன.

"நல்லா இருக்கு மாமா. கல்லு மாதிரி இருக்கு."

"நீங்க என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க."

உண்மையைத்தான் சொல்கிறேன் என்று சத்தியம் செய்யலாம். எதன் மேல் செய்வது என்றுதான் தெரியவில்லை.

மழை விடாமல் பெய்து, ஒருநாள் மட்டும் வெறித்திருந்தது. அன்றைக்குப் போன வீடு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். எதிரில் யார் நின்றாலும் படிக்கட்டில் தொங்குகிறவனை அதட்டுகிற குரலில்தான் பேசுவார். தோட்டமெல்லாம் சொதசொதவென்று இருந்தது. கால் வைத்த இடத்தில் குழி விழுந்து, குழியில் உடனே தண்ணீர் ஊறியது. அவன் குழாயை இறக்கினான். பம்ப் இரைந்தது. மட்டம் இறங்க இறங்க மாமனாரின் செங்கல் வரிசைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. கால்வாசி இருக்கும்போது வால்வை மூடினான்.

"யோவ் அத்தர், மீதி யாருக்கு?" என்றார் கண்டக்டர். "பாதி வழியில எறக்கி விடுற. முழு டிக்கெட்டுதானே வாங்குற?"

"அவ்ளோதாங்க எடுக்கலாம்."

"என்ன அவ்ளோதான்? மேஸ்திரி, உங்க மருமகன்கிட்ட சொல்லுங்க."

மாமனார் மண்டியிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அதானே, ஏன் மாப்ள எப்பவும் கொஞ்சம் விட்டுடுறீங்க? கீழ் வரிசையைப் பாக்கணும் நான்."

பம்பை அணைத்தான். அந்த இரைச்சல் நின்றதும் சுற்றிலும் எல்லாம் கேட்கத் தொடங்கியது. ஏரியில் தவளைகள், உள்ளே ரேடியோ, குழாய் முனையிலிருந்து சொட்டுகிற சத்தம். ஏதாவது சொல்லலாம். வண்டி நிரம்பிவிட்டது என்று சொல்லலாம். பம்பில் கோளாறு என்று சொல்லலாம். அவர் நம்பிவிடுவார்.

"மழைக்காலத்துல முழுசா எடுக்கக் கூடாது மாமா" என்றான். "வெளிய மண்ணு தள்ளும். உள்ள கெடக்கிறதுதான் முட்டு. அதையும் எடுத்தா எப்பேர்ப்பட்ட சுவரும் விழுந்துடும்."

கண்டக்டர் "ஓஹோ, அப்படி ஒண்ணு இருக்கா" என்று சொல்லிக்கொண்டே வீட்டுப் பக்கம் போனார்.

மாமனாரின் கை தட்டுவதை நிறுத்தியிருந்தது. டார்ச் வெளிச்சம் மட்டும் ஒரே இடத்தில், ஒரே செங்கல் மேல், அசையாமல் நின்றது.

"யார் சொன்னா?"

"வண்டி வித்தவர்."

மாமனார் குழிக்குள் குனிந்தபடியே, கலவை பதம் எப்படி என்று சித்தாளிடம் கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டார்.

"எப்போ சொன்னார்?"

அவனும் மூடி ஓரத்தில் குனிந்தான். குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கியது. கீழே கலங்கிக் கிடந்த கால்வாசித் தண்ணீரில் டார்ச் வெளிச்சம் பட்டு, சுவரும் அதன்மேல் குனிந்திருந்த இரண்டு தலைகளும் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தன. தண்ணீர் மெல்ல அடங்கியது. தலைகள் இரண்டும் தெளிவாகத் தெரியத் தொடங்கின.