தூங்கச் சொன்னதும் தூங்கியதும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பூஜ்ஜியத்தில் பிறந்தது. காதல் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘அவள் ஜன்னலோரம் நின்று மழையை…’ (வேண்டாம். அவளுக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.)

அவள் சோதனைப் பொறியாளர். நோயாளிகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் நாடிக் கருவிக்குள் ஒரு பிராசஸர் இருக்கிறது. வேலையில்லாத நேரத்தில் அது எவ்வளவு தூங்குகிறது என்று பார்த்து அறிக்கை கொடுப்பது அவள் பொறுப்பு. அது ஒழுங்காகத் தூங்கினால் பேட்டரி மூன்று நாள் தாங்கும்.

2

மின்செலவைக் கண்காணிக்கும் மென்பொருள் இரண்டு பத்திகளைக் காட்டும். இடப்பக்கம், பிராசஸரைத் தூங்கச் சொன்ன நேரம். வலப்பக்கம், அது நிஜமாகவே தூங்கிய நேரம்.*

இடப்பக்கம் தொண்ணூற்றாறு சதவீதம். வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை பூஜ்ஜியம்.

“இந்த டூலுக்கு நம்ம சிப்பைப் படிக்கத் தெரியல போல” என்று முணுமுணுத்தபடி வலப்பக்கத்தை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எண் கிடைக்காததால்தான் பூஜ்ஜியம் என்று நினைத்துவிட்டாள். பிராசஸரோ கண்ணை மூடவே இல்லை.

நோயாளிகள் காலையில் கட்டிக்கொண்ட கருவிகள் அன்று சாயங்காலமே அணைந்துபோயின. பழி, கம்பெனிக்குப் பேட்டரி வாங்கித் தருகிறவர் தலையில் விடிந்தது; விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

* குழந்தை வளர்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

3

இந்த இடத்தில் எனக்குச் சபலம் தட்டியது. எழுதுகிறவன் நான். அவளைக் காப்பாற்றப் பேட்டரியையே மட்டமாக்கிவிட்டால் யார் கேட்பது? ‘பேட்டரி உப்பிப்போய்…’ என்று ஆரம்பித்து, வெட்கப்பட்டு நிறுத்தினேன். அந்த மனிதர் ஒவ்வொரு ரகத்தையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.

விசாரணை நாள் காலையில் அவள் கருவியின் மின்னோட்டத்தை அளந்து பார்த்தாள். வேலையில்லாத நேரத்திலும் அது கொஞ்சம்கூட இறங்கவில்லை. பூஜ்ஜியங்கள் மெய்தான் என்று புரிந்தது. வாயைத் திறந்தால் அவள் வேலை போகும். மூடிக்கொண்டால் அவர் வேலை போகும்.

4

“பிராசஸர் தூங்குதா, இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க” என்றார் மேலாளர்.

அவள் எழுவதற்குள் பேட்டரிக்காரர் முந்திக்கொண்டார்: “சார், அந்தப் பொண்ணு ரிப்போர்ட்ல தப்பு வராது. என் பேட்டரியை வேணா இன்னொரு தடவை பாத்துடறேன்.”

(அவளைப் பேசவைக்கத்தான் இந்த வசனத்தைச் செருகினேன். அயோக்கியத்தனம்தான். எழுதி முடித்ததும் எனக்கே மனசு கேட்கவில்லை.)

5

அவள் எழுந்து நின்றுவிட்டாள். என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளைத் தப்பிக்க வைப்பதானாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: பேட்டரிக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும்.