மூன்றாம் எண் இயந்திரம்

மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சலவைக் கடைக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏழாம் வகுப்பு, கணக்கு, நூற்றுக்குப் பதினொன்று. ஏப்ரலில் மறுதேர்வு. அதில் நாற்பது எடுக்காவிட்டால் மறுபடியும் ஏழாம் வகுப்பு.

அப்பா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. நவம்பரில் அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. மகளுக்கும் அழுகை வரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

கடையில் இஸ்திரி போடும் வேலைக்கார அக்கா எட்டிப் பார்த்தாள். “என்னடி சுண்டு, பதினொண்ணுங்கறது மார்க்கா, செருப்பு சைஸா?”

“அவளை விடும்மா,” என்றார் அப்பா. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர். யோசித்து, மூன்றாம் எண் இயந்திரத்தைக் காட்டினார். “துணி போட்டு மூடினா நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு இது கதவு தொறக்காது. நீயும் எந்திரிக்காதே. நின்னதும் துணியைக் கூடையில எடுத்துப் போட்டுட்டு எனக்குக் குரல் குடு. புரியுதோ புரியலையோ, உக்காந்திரு.”

முதல் வாரம் அவள் கண்ணாடிக்குள் சுற்றும் துணியைப் பார்த்தாள். யாருடையதோ ஒரு நீலக் காலுறை கண்ணாடிவரை வரும், போகும். இரண்டாம் வாரம் வேறு வேலை இல்லாததால் புத்தகத்தில் போட்டுக் காட்டியிருந்த கணக்குகளை அப்படியே நோட்டில் எழுதினாள். மூன்றாம் வாரம் விடையை மூடி வைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒரு பின்னக் கணக்கு சரியாக வந்தது. சந்தோஷமா என்று யோசித்தாள். தெரியவில்லை. அடுத்த கணக்குக்குப் போனாள்.

அப்புறம் அது பழகிவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் இயந்திரத்தின் ஓர் ஓட்டம், தண்ணீர் குடித்துவிட்டு இன்னோர் ஓட்டம். நேற்றுத் தப்பானவை இன்று முதலில். இயந்திரம் நின்றால், பாதிக் கணக்கிலும் பேனாவை வைத்துவிடுவாள். எழுந்து, துணியை எடுத்துப் போட்டு, “ஆச்சுப்பா” என்பாள்.

“அசையவே மாட்டேங்கறாளே, பசை போட்டு ஒட்டி வச்சிருக்கீங்களாண்ணே?” என்றாள் அக்கா.

ஏப்ரல் இருபத்தொன்று, காலை ஒன்பது மணிக்கு மறுதேர்வு. பத்துக் கேள்விகள், ஒன்றரை மணி நேரம். அவள் வரிசையாக எழுதினாள். கை தயங்கவில்லை. ஐந்தாவது கேள்வியை முடித்ததும் பேனாவை மூடினாள். எழுந்தாள். முன்னால் இருந்த மேசைவரை நடந்தாள்.

“முடிச்சிட்டியாம்மா?” என்றார் மேற்பார்வைக்கு இருந்த ஆசிரியர்.

“ஆச்சு.”

அவர் கையை நீட்டினார். கொடுத்தாள்.

தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் கண் எதையோ தேடியது. கூடை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். வெளியே வந்தவர்கள் திரும்ப உள்ளே போகக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, மற்றவர்கள் வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள்.

“பாதியிலயே எந்திரிச்சிட்டேன்பா,” என்றாள் கடைக்கு வந்து.

“ஏம்மா?”

“மிஷின் நின்ன மாதிரி இருந்துச்சு.”

அக்கா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அப்பா மூன்றாம் எண்ணின் கதவைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மே இரண்டாம் தேதி விடைத்தாள் வந்தது. ஐந்தாவது விடைக்குக் கீழே சிவப்பு மையில், “இதுவரை நன்று. மீதி எங்கே?” என்று எழுதியிருந்தது. மதிப்பெண் நாற்பத்தாறு.

ஜூன் இரண்டாம் தேதி அவள் எட்டாம் வகுப்பில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள்.