தொடக்கூடாத மாவு

காது கேட்டதை வாய் சொல்லக்கூடாது என்பதுதான் ஜம்புலிங்கத்தின் உத்தியோகம். அந்தமானில் மாயாபந்தர் வயர்லெஸ் ரூமில் சேர்ந்த அன்றே அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். பதினொரு வருஷமாகப் பெண்டாட்டி நீலாவதியிடம்கூட ஒரு செய்தி சிந்தியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தத் திங்கட்கிழமை காலை போர்ட் பிளேரிலிருந்து வந்த செய்தியை காகிதத்தில் எழுதினான். போன கப்பலில் பூச்சிமருந்து டின் ஒழுகி ரேஷன் கோதுமை ஆட்டா மூட்டைகளில் இறங்கியிருக்கிறது, வினியோகத்தை நிறுத்து. ஆனால் சனிக்கிழமையே பாதி ஆட்டா ஊருக்குள் போயாகிவிட்டது, அவன் வீட்டுக்கும் சேர்த்து.

அதிகாரி பக்தவத்சலம் இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"புதன்கிழமை டெல்லியிலேர்ந்து பெரிய ஆள் வரார். இப்போ தண்டோரா போட்டா ஊரே கப்பல்துறையில வந்து நிக்கும். மிச்ச மூட்டையைப் பூட்டி, ஸ்டாக் கதம், தீர்ந்துபோச்சுன்னு போர்டு மாட்டச் சொல்றேன். இது இந்த ரூமைத் தாண்டக்கூடாது, சமஜ் கயா, புரிஞ்சுதா?"

"வாங்கிட்டுப் போனவங்க, சார்?"

"வயித்துவலி வந்தா டாக்டர் பார்த்துப்பார்."

அந்த மனுஷனுக்கு அன்று சோறு இறங்கியதா என்று கேட்கிறீர்களா? நன்றாகவே இறங்கியது. அவர் வீட்டில் அரிசி.

மத்தியானம் ஜம்புலிங்கம் வீட்டுக்கு ஓடினான். ஆட்டாப் பை கட்டு அவிழாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

"நமக்கு இது வேண்டாம். ஏன்னு கேக்காதே" என்று பரண்மேல் தூக்கி வைத்தான். கொட்டினால் யாராவது காரணம் கேட்பார்களே என்ற பயம். நாசமாய்ப் போன பயம்.

கப்பல் தாமதமானால் மாயாபந்தரில் அடுப்பு எரிவது கைமாற்றில்தான். இன்று உன் பருப்பு, நாளை என் எண்ணெய். இல்லையென்று கைவிரித்தவளை ஊர் லேசில் மறக்காது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டில் கூட்டம். கப்பல்துறைக் கூலிக்காரன் மனைவி செல்லத்தின் மூன்று பிள்ளைகளும் வாயில் நுரை தள்ளக் கிடந்தன. கடைக்குட்டி நீலாவதி மடியில்.

"என்ன சாப்பிட்டாங்க?" என்றான் ஜம்புலிங்கம். பதில் அவனுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

"சனிக்கிழமை காய்ச்சல்ல கிடந்து செல்லம் ரேஷன் வாங்கல. நேத்துப் போனா ஸ்டாக் கதம்னு போர்டு. நம்ம பை சும்மாத்தானே கிடக்குன்னு குடுத்தேன்" என்றாள் நீலாவதி.

"தொடாதேன்னுதானே வெச்சேன்?"

"நமக்கு வேண்டாம்னீங்க. வேற என்ன சொன்னீங்க?"

டாக்டர் உள்ளே வந்தார். "காலையிலேர்ந்து ஆஸ்பத்திரியில ஒம்பது பேர். என்ன விஷம்னு தெரிஞ்சாத்தானே மருந்து குடுக்க முடியும்?"

ஜம்புலிங்கம் வாய் திறந்தான். திங்கட்கிழமை, காலை பத்து இருபது என்று தொடங்கி, பூச்சிமருந்தின் பெயர்வரை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான். டாக்டர் ஊசி எடுக்க ஓடினார். மூத்தவை இரண்டும் பிழைத்தன. கடைக்குட்டிக்கு ஊசி தேவைப்படவில்லை.

செல்லம் அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மத்தியானம் என் வாசல் வழியாத்தானே போனீங்க, அண்ணா?"