சந்தனம் அப்பிய எஞ்சின்

பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப் போவதற்குக் காரணம் என் வாய்தான். ஓட்டை என்றால் ஓட்டை என்று விற்கிறவன் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவேன். மாசாணம் பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்று பீளமேட்டில் ஒரு பேச்சு உண்டு. முப்பத்தோரு வருடமாக அந்தப் பேச்சை வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது.

அரங்கசாமி ஐயா வீட்டில் அறுபது வருடத்துக்கு முந்தைய மோரிஸ் மைனர் கார் ஒன்று நிற்கிறது. பேத்தி லாஸ்யாவைக் கல்யாணத்தன்று கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அதில்தான் அழைத்துப் போவேன் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். எஞ்சினோ எப்போதோ செத்துப் போயிருந்தது. காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் தம்பிதுரையிடம் அதே மாதிரி எஞ்சின் ஒன்று பிரித்துப் புதுப்பித்துக் கட்டிய நிலையில் இருப்பதாகத் தகவல் வந்ததும், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

அங்கே ஐயாவுக்கு வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. எனக்குக் காகிதக் கப்பில் வந்தது. இதெல்லாம் புதிதா என்ன, குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

கோளாறு தெரியாமலிருக்க, ஆள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது பழைய தில்லுமுல்லு. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஓடவிட்டேன், புகையில்லை, தட்டுகிற சத்தமில்லை. பிளக்கைக் கழற்றி அழுத்தம் பார்க்கிற கேஜ் வைத்தேன், நாலு சிலிண்டரும் ஒன்றுபோலக் காட்டின. எவனோ சுத்தமாகக் கட்டியிருக்கிறான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மிச்சமிருந்தது பக்கவாட்டில், எஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் ஓடுகிற இடம். தண்ணீர் இல்லாமல் ஓட்டி இரும்பு வெடித்திருந்தால் அங்கேதான் தெரியும். அந்த இடத்தில்தான் சந்தனம் இருந்தது. பூஜை போட்ட மிஷினில் நாலு பொட்டு வைப்பார்கள், சரி. இங்கே உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். துடைக்கலாமென்று வேஸ்ட் துணியை எடுத்தேன். தம்பிதுரை குறுக்கே வந்து நின்றார்.

“அது சாமி கும்பிட்டு வெச்சதுங்க கண்ணு. அதுல நீங்க கை வெக்காதீங்க.”

ஐம்பத்தெட்டு வயதுக்காரனைக் கண்ணு என்கிறார். ஆகா, என்ன மரியாதை! யார் கை வைக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதுமில்லை.

இதைத் துடைக்காமல் நான் எதுவும் சொல்ல முடியாது என்று ஐயாவிடம் திரும்பினேன். சாமி காரியத்தில் நாம் எதற்குத் தலையிட வேண்டும், விடு என்றார் அவர். மற்றபடி எஞ்சின் நன்றாகத்தானே இருக்கிறது என்று தம்பிதுரையை வைத்துக்கொண்டே கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பேரிடம் சொன்ன வாய் இது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நான்தான் வண்டியில் மாட்டினேன். சந்தனம் ராசியாக இருக்கட்டும், எடுக்காதே என்று ஐயா அங்கேயும் தடுத்துவிட்டார். வீட்டு வாசலுக்குள் நாலு சுற்று ஓட்டிப் பார்த்ததோடு சரி.

கல்யாணத்தன்று அவிநாசி ரோட்டு நெரிசலில், மண்டபத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. கீழே தண்ணீர் கொட்டியது. முகூர்த்தப் பட்டோடு அந்தப் பெண் நடுரோட்டில் அரைமணி நேரம் நின்றாள். போகிறவன் வருகிறவனெல்லாம் செல்போனில் படம் பிடித்தான்.

மறுநாள் பானட்டைத் திறந்தேன். சந்தனம் ஊறி வழிந்திருந்தது. மிச்சத்தைத் துணியால் துடைத்தேன், யாரும் தடுக்கவில்லை. அடியில் நாலு விரல் நீளத்துக்கு வெல்டு வைத்து, ராவி, பெயின்ட் அடித்திருந்தார்கள். அதன் நடுவில் மறுபடியும் விரிசல் விட்டிருந்தது. ஐயா பின்னால் வந்து நின்றார், கூடவே சம்பந்தி வீட்டுக்காரர்களும்.

“இதத் தொடச்சுப் பாக்கறதுக்குத்தான மாசாணம், உன்னயக் கூட்டீட்டுப் போனது?”

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. தான் தடுத்தது அவருக்கு நிஜமாகவே மறந்து போயிருந்தது. சொல்லிக்காட்ட வாய் வரைக்கும் வந்தது. எங்கள் இரண்டு பேரில் யார் பேச்சு பீளமேட்டில் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

“ஆமாங்க,” என்றேன். “என் தப்புதானுங்க.”