கொடியில் காய்ந்த அரசு ரகசியங்கள்

நாட்டு மக்கள் அனைவரும், அண்டை நாட்டு மக்களும், இனிப் பிறக்கவிருக்கும் வரலாற்று ஆசிரியர்களும் கவனத்தில் கொள்ள வேண்டியது என்னவென்றால், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில், வெளியுறவு அமைச்சகத்தின் ரகசிய ஆவணங்கள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டும், மனிதக் கை எதுவும் படாமல், மூன்றாவது மாடி ஜன்னல் வழியாகப் பறந்து வெளியே போயின. சாலையைக் கடந்தன. மின்கம்பிகள் வந்த இடத்தில் கொஞ்சம் உயர்ந்து, பின்தெருவுக்கு மேலே வந்ததும் தாழ்ந்து, மொட்டை மாடிகளில் துணி காயப்போடும் கொடிகளில் தாமாகவே தொங்கிக்கொண்டன. கோப்பு எண் வரிசைப்படி தொங்கின. அன்று காற்று இல்லை. வானிலைத் துறை பிற்பாடு இதை எழுத்து மூலம் உறுதிசெய்தது. அந்தத் துறை உறுதியாகச் சொல்லி அப்படியே சரியாகவும் இருந்த ஒரே விஷயம் இதுதான்.

பின்தெருவின் முதல் வீட்டில் இருந்த தையல்காரி, ஈரப் படுக்கை விரிப்புகளை ஒரு ஓரமாக ஒதுக்கி ஆவணங்களுக்கு இடம் கொடுத்தாள். பிறகு, வந்தது வந்துவிட்டது என்று படிக்க ஆரம்பித்தாள். மாலைக்குள் தெருவே மாடிக்கு ஏறிவிட்டது. இருட்டுவதற்குள் கோப்பு எண் தொள்ளாயிரம் வரை படித்து முடித்திருந்தார்கள். "தூதருங்கன்னா என்னமோ பெருசா எழுதுவாங்கன்னு நெனச்சேன். விருந்துல தூணுக்குப் பின்னாடி உட்கார வெச்சுட்டாங்கன்னு ஒருத்தர் நாலு பக்கம் அழுதிருக்காரு" என்றாள் தையல்காரி. பக்கத்து மாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அஞ்சாவது பக்கம் என் கொடியில இருக்கு. அழுகை இன்னும் முடியல" என்றார்.

அமைச்சகம் ஆட்களை அனுப்பி ஆவணங்களைச் சாக்குகளில் கட்டிக்கொண்டு போனது. மறுநாள் அதே நேரத்துக்கு அவை மறுபடி கொடிக்கு வந்தன. ஜன்னலைச் சாத்தினார்கள், கதவு வழியாக வந்தன. கதவைப் பூட்டினார்கள், பூட்டு திறந்துகொண்டது. எட்டாவது நாள் சாக்குகள் கிழிந்துபோனதால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. பின்தெருவாசிகள் முற்பகல் பத்து முதல் மாலை ஆறு வரை தங்கள் மாடிகளில் மேலே பார்க்கக் கூடாது என்று ஓர் உத்தரவு மட்டும் பிறப்பிக்கப்பட்டது. துணி உலர்த்துகிறவர்களுக்கு விலக்கு உண்டு என்று அதிலேயே இருந்ததால், அந்த மாதம் அத்தெருவில் எல்லோரும் ஒரே துணியைத் திரும்பத் திரும்பத் துவைத்தார்கள்.

ஆவணங்களில் என்ன இருந்தது என்பதைச் சொல்லுமுன், அந்த அமைச்சகத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே சிவப்பு மையில் 'ரகசியம்' என்று முத்திரை குத்திய காகிதத்தை அன்றே பார்ப்பார்கள். குத்தாத காகிதத்தைப் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே பல வருடங்களாக எல்லோரும் எல்லாவற்றிலும் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். திரைச்சீலை மாற்றும் விண்ணப்பம், நாற்காலிக் கால் ஆட்டம், மாடிப்படியில் பூனை குட்டி போட்டது, எல்லாம் ரகசியம். பறந்துபோன நாலாயிரத்துச் சொச்சத்தில் மூவாயிரம் இந்த வகை. மீதிதான் தூதர்கள் எழுதியவை. அவற்றில், நட்பு நாடு அன்பளிப்பாக அனுப்பிய தானியம் உண்மையில் அவர்கள் கிடங்கில் வண்டு விழுந்துபோய், கொட்ட இடமில்லாமல் அனுப்பியது என்பதும், அது வந்து சேர்ந்த அன்று நம் அமைச்சர் துறைமுகத்தில் கண்ணீர் விட்டது நெகிழ்ச்சியால் அல்ல, வாடையால் என்பதும் விளக்கமாக எழுதப்பட்டிருந்தன.

ஆவண அறைக்கு ஒரே ஒரு சாவி. அது இருபத்தாறு வருடமாக ஆவணக் காப்பாளரின் இடுப்பில் இருந்தது. அலுவலகத்தில் அவளைச் சாவியக்கா என்பார்கள். சம்பவம் நடந்தபோது அவள் மேசை முன் உட்கார்ந்து பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே காகிதங்கள் போவதைப் பார்த்து, கடைசிக் காகிதம் போன பிறகு நேரத்தைக் குறித்து வைத்தாள். குற்றப் பத்திரிகைப் படிவத்தில் 'வெளியிட்டவர் பெயர், வயது, தொழில்' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. காகிதங்களே போயின என்று எழுதலாமா என்று யோசித்தார்கள். காகிதத்துக்கு வயது போட முடியும், தொழில் போட முடியவில்லை. கட்டங்கள் காலியாக இருக்கக் கூடாது என்பது விதி. அவள் பெயரை எழுதினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கணவர் கேட்டார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். எதையும் ஒரு நிறுத்தம் முன்னதாகவே யோசிக்கிற ஆள்.

"ஜன்னல ஏன் தொறந்து வெச்ச?"

"புழுக்கமா இருந்துச்சுங்க."

"அதைச் சொன்னியா?"

"சொன்னேன். சட்டத்துல புழுக்கத்துக்குப் பிரிவு இல்லையாம்."

"எதுக்குப் பிரிவு இருக்காம்?"

"பத்து வருஷத்துக்கு." அவள் சாவி இல்லாத இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "நம்ம பொண்ணு வயித்துல இருக்கிற பிள்ள நாலாவது படிக்கும்போதுதான் நான் வெளிய வருவேன். அதுக்கு என்னை யாருன்னே தெரியாது."

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆவணம் வெளியே போனால் மட்டும் குற்றமாகாது. அதனால் 'அரசின் நற்பெயருக்குக் கேடு' விளைந்திருக்க வேண்டும். கேடு விளைந்தால் பத்து வருடம். விளையாவிட்டால் ஒன்றுமில்லை. எனவே கேடா, இல்லையா என்று கண்டறிய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவராக, ஆயுள் முழுக்க வரப்புத் தகராறும் மாடு மேய்ந்த வழக்கும் விசாரித்து ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியைப் போட்டார்கள். வெளிநாட்டு விவகாரம் எதுவும் தெரியாதவர் நடுநிலையோடு இருப்பார் என்பது காரணம். தீர்ப்பு வரும்வரை சாவியக்கா தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தாள். பணிநீக்கத்தில் இருப்பதற்கு அத்தாட்சியாகத் தினமும் காலை பத்து மணிக்கு அமைச்சக வாசலுக்கு வந்து, தான் வேலைக்கு வரவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நான்கு வருடத்தில் ஒரு நாளும் அவள் தாமதமாக வந்ததில்லை.

முதல் வருடம் கேடு என்றே தோன்றியது. வடக்கு ராஜ்ஜியத்தின் மன்னரைப் பற்றி நம் தூதர், 'காலையில் ஒரு கருத்துச் சொல்கிறார். மாலையில் அதே கருத்தை வேறு சட்டையில் சொல்கிறார்' என்று எழுதியிருந்தார். மன்னர் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். பதினோரு நாள் கழித்துத் திருப்பி அனுப்பினார். தான் காலையில் சொன்னதையும் மாலையில் சொன்னதையும் இரண்டையுமே கேட்ட மனிதர் உலகத்தில் அதை எழுதிய நம் தூதர் ஒருவர்தான் என்பது அவருக்குத் தாமதமாகப் புரிந்ததாம். அந்த வரியைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருப்பதாகத் தகவல் வந்தது. கேடு என்று எழுதியிருந்த பக்கத்தை நீதிபதி அடித்துவிட்டார்.

இரண்டாம் வருடம் ஒரு சின்னத் தீவு நாடு கடுமையான கண்டனக் கடிதம் அனுப்பியது. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆவணங்களில் தங்கள் நாட்டைப் பற்றி ஒரு வசைகூட இல்லை, இது திட்டமிட்ட அவமதிப்பு என்றது. அமைச்சகம் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, கூடிய சீக்கிரம் மோசமாக ஏதாவது எழுதுவதாக உறுதியளித்தது. இதைக் கேட்டின் கணக்கில் சேர்ப்பதா, நன்மையின் கணக்கில் சேர்ப்பதா என்று ஆணையம் ஏழு அமர்வுகள் விவாதித்து, உணவு இடைவேளை என்று குறித்துக்கொண்டது.

உள்நாட்டு நிலவரம் அறிய ஆணையம் பின்தெருவுக்கு நேரில் போனது. வண்டுத் தானியத்தைப் பற்றிப் படித்த பிறகு அரசின் மீது மதிப்புக் குறைந்ததா என்று தையல்காரியைக் கேட்டார்கள். அவள் வாயில் இருந்த ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு பதில் சொன்னாள். "கூடியிருக்குங்க. இத்தன நாளும் ஒண்ணுமே தெரியாம பண்றாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். எல்லாம் தெரிஞ்சே பண்ணியிருக்காங்க. மண்டையில சரக்கு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது." பக்கத்து மாடிக்காரர், "முட்டாளுங்கன்னு நெனச்சோம், பொய்யருங்க. பரவாயில்ல, ஒரு படி மேல" என்று அதையே சுருக்கிச் சொன்னார். கூட வந்திருந்த அமைச்சகச் செயலாளர் இதைப் பதிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பதிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் பதிவு செய்யப்பட்டது.

மூன்றாம் வருடம் அமைச்சரே சாட்சி சொல்ல வந்தார். அவருடைய நிலைமை இக்கட்டானது. கேடு எதுவும் இல்லை என்றால், இத்தனை வருடம் பூட்டி வைத்ததில் ஒன்றுமே இல்லை என்றாகும். அப்புறம் அமைச்சகம் எதற்கு என்று நிதித்துறை கேட்கும். ஆகவே அவர் எழுந்து நின்று, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, நாட்டின் நற்பெயருக்கு அளவிட முடியாத கேடு விளைந்துவிட்டது என்று முக்கால் மணி நேரம் சொன்னார். விசாரணை ரகசியம் என்பதால் வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை, உறவினர் மட்டும் கேள்வி கேட்கலாம். சாவியக்காவுக்காக ஓட்டுநர் சீருடையோடு வந்திருந்தார். அடுத்த நடைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"ஐயா, அளவிட முடியாதுன்னு சொன்னீங்க. அது ரொம்பப் பெருசா இருக்கிறதாலயா, இல்ல கண்ணுக்கே தெரியாததாலயா?"

அமைச்சர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கோப்பைப் பார்த்தார். கோப்பு அன்று பின்தெருவில் இருந்தது, அவர் பார்த்தது வெறும் அட்டை.

"ரெண்டுமே" என்றார் அமைச்சர்.

நீதிபதி அதுவரை பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இப்போது முழுதாகத் திறந்தார். "மாடு மேஞ்ச வழக்குன்னா நான் மொதல்ல ஒண்ணுதான் கேப்பேன். மாடு வர்றதுக்கு முன்னாடி வயல்ல என்ன இருந்துச்சு? நெல்லா, சோளமா, சும்மா கெடந்த தரையா? அது தெரியாம நஷ்டம் சொல்ல முடியாது. அதனால அமைச்சர் ஐயா, காகிதம் பறக்குறதுக்கு மொத நாள் வரைக்கும் உங்க நற்பெயர் எவ்வளவு இருந்துச்சுன்னு ஆதாரத்தோட காட்டுங்க. மேஞ்சது போக மீதி என்னன்னு நான் பாத்துக்கறேன்."

அரசு இதற்கு இரண்டு வாரம் அவகாசம் கேட்டது. பதினான்கு மாதம் ஆயிற்று. எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை போனது. ரயில்வே, தன்னிடம் முன்பு கொஞ்சம் இருந்ததாகவும் இடமாற்றத்தில் தொலைந்திருக்கலாம் என்றும் பதில் எழுதியது. சுற்றுலாத் துறை ஒரு நீர்வீழ்ச்சிப் படம் அனுப்பியது. பார்த்தால் அது அண்டை நாட்டு நீர்வீழ்ச்சி. பள்ளிப் பாடநூலில் 'உலகமே வியந்து நோக்கும் நம் நாடு' என்று ஒரு வரி கிடைத்தது. எந்த உலகம், எந்தத் தேதியில் நோக்கியது என்று நீதிபதி கேட்டார். பாடநூல் எழுதியவர், அது மோனைக்காக எழுதியது என்று ஒத்துக்கொண்டார். கடைசியில், வெளிநாடுகளில் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தூதர்கள் எழுதியிருப்பார்களே என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. அமைச்சகத்து ஆட்கள் பின்தெருவுக்குப் போய், தையல்காரியிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினார்கள். முப்பத்திரண்டு நாடுகளிலிருந்து வந்த அறிக்கைகள் கிடைத்தன. பத்தொன்பதில் 'கருத்து எதுவும் இல்லை' என்று இருந்தது. பன்னிரண்டில் நம் நாட்டின் பெயர் வேறொரு நாட்டின் பெயராக எழுதப்பட்டிருந்தது. ஒன்றில் மட்டும் கொஞ்சம் விவரம் இருந்தது: 'இங்குள்ள அமைச்சரிடம் நம் நாட்டைப் பற்றிக் கேட்டேன். அங்கே குளிர் அதிகமா என்று அவர் என்னைக் கேட்டார்.'

நான்காம் வருடக் கடைசியில், காற்றில்லாத ஒரு வியாழக்கிழமை, தீர்ப்பு வாசிக்கப்பட்டது. சாவியக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பேத்தி இருந்தாள், மூன்றரை வயது. பத்து வருடத்துக்கு ஆகும் என்று ஒரு பையில் மாற்றுத் துணியும் பல்பொடியும் பக்கத்தில் இருந்தன. ஓட்டுநர் அந்தப் பையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீதிபதி நாற்பத்தெட்டுப் பக்கம் படித்தார். சாரம் இதுதான். ஆவணங்கள் வெளியேறிய பிறகு இந்த நாட்டைப் பற்றி வெளியே பேச்சு இருக்கிறது. ஒரு மன்னர் ஒரு வரியைச் சுவரில் மாட்டியிருக்கிறார், ஒரு தீவு கோபித்திருக்கிறது, ஒரு தெரு மதிக்கிறது. இது கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. வெளியேறுவதற்கு முன்பு நற்பெயர் இருந்ததற்கு அரசுத் தரப்பு எந்த ஆதாரமும் தரவில்லை. இல்லாத பயிரை மாடு மேய முடியாது. ஆகவே கேடு விளையவில்லை. காப்பாளர் விடுவிக்கப்படுகிறார்.

"வீட்டுக்குப் போலாமா பாட்டி?" என்றாள் பேத்தி.

"இரு, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்" என்று சாவியக்கா பழக்க தோஷத்தில் எழுந்தாள். ஓட்டுநர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "இன்னைக்குத் தேவையில்ல" என்றார். அவளுக்கு அது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அமைச்சர் அன்று மாலையே, அரசின் நற்பெயர் வளர்ந்திருப்பதை ஓர் ஆணையமே உறுதிசெய்துவிட்டது என்று அறிக்கை வெளியிட்டார். அடுத்த மாதம் ஏதோ ஒரு நாட்டுக்குப் போய், ஒளிவுமறைவற்ற ஆட்சிக்காக ஒரு பதக்கம் வாங்கிக்கொண்டு வந்தார். பறக்கட்டும் என்றே தூதர்கள் அதன்பின் கண்ணியமாகவும் இனிமையாகவும் எழுத ஆரம்பித்தார்கள். அவை எதுவும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. புதிய திரைச்சீலை விண்ணப்பங்கள் வழக்கம்போல் செவ்வாய்தோறும் பறந்துகொண்டிருந்தன. பின்தெருவில் செவ்வாய்க்கிழமைகளில் பத்தரை மணிக்குள் துணியை எடுத்துவிடுவார்கள். ஒரு கொடி நிறைந்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் தன் கொடியில் இடம் கொடுப்பார். சாவியக்கா திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினாள். மறுநாள் பதினோரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள், போக வேண்டியவை போயின, பதிவேட்டில் குறித்தாள்.

தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அரசுக்கு அறுபது நாள் அவகாசம் இருந்தது. அதற்குத் தனக்கு முன்பே நற்பெயர் இருந்தது என்று காட்டும் ஏதாவது ஒரு காகிதத்தை இணைக்க வேண்டும். அறுபது நாளும் கழிந்தன.