எந்தக் காலில் வலி

நிருபர் நசீர் கொஞ்சம் வாயடக்கமாக இருந்திருந்தால் பஞ்சவர்ணம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே மாட்டாள். மனுஷன் காபி டம்ளரை வாங்கிய கையோடு ஆரம்பித்துவிட்டார்.

"இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு பொண்ணு கெடையாதுங்க. என்னா ஓட்டம் ஓடுது. இந்தக் கால் இருக்கே, இது ஒலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு வரும், பாத்துக்கிட்டே இருங்க."

பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான மாநில டென்னிஸ் பட்டத்தைப் பூவிழி சென்னையில் வாங்கி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அரியலூர் சிமெண்ட் ஆலைக் குவார்ட்டர்ஸில், எலெக்ட்ரீஷியன் வேணுகோபாலின் இரண்டு அறை வீட்டுக்குள் இதுவரை எந்தப் பத்திரிகைக்காரரும் நுழைந்ததில்லை. அவர் கால், கால் என்று சொல்லச் சொல்ல பஞ்சவர்ணம் மகளைப் பார்த்தாள். மகளோ அதே கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டு எதிரில் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

"எங்கங்க," என்றாள் பஞ்சவர்ணம் சலித்த குரலில். "முட்டி வலின்னு ராத்திரி பூரா அனத்துதுங்க. எத்தன நாளைக்கு ஓடுமோ, யாரு கண்டா."

பூவிழிக்கு முட்டி வலியும் கிடையாது, ஒரு வலியும் கிடையாது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஒரு வாரமாகப் பேதி என்று உடனே சொல்லிவிட வேண்டும். பையன் நன்றாகப் படிக்கிறான் என்றால், எங்கே, புத்தகத்தையே தொடுவதில்லை என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். கண் படாமல் இருக்க இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் செய்கிற காரியம் அது. கேட்பவர் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோவார். லெப்பைக்குடிக்காட்டில் நசீரின் தாயாரும் துபாயில் இருக்கும் மூத்த மகனைப் பற்றி அப்படித்தான் சொல்லி வந்தார். ஆனால் கையில் பேனா இருந்தால் மனுஷனுக்குத் தன் தாயாரின் ஞாபகம்கூட வராது போலிருக்கிறது.

மூன்றாம் நாள் பேப்பரில் வந்துவிட்டது. முழங்கால் வலியோடு மாநிலப் பட்டம், அரியலூர் மாணவி சாதனை.

"ஏன்டி, உனக்கு அறிவு இருக்கா?" என்று வேணுகோபால் கத்தினார். பூவிழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஞ்சவர்ணம் நசீருக்குப் போன் போட்டு, அது சும்மா சொன்னது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். போன் பூத்துக்குப் போவதற்காகச் செருப்பை மாட்டிவிட்டாள்கூட. அதற்குள் பள்ளிக்கூட வண்டியில் தாளாளர் அய்யாக்கண்ணுவே வந்து இறங்கிவிட்டார்.

பூவிழி படித்தது பெரம்பலூரில் அவர் நடத்திய மெட்ரிகுலேஷன் பள்ளியில். பத்தாம் வகுப்பு. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட். போட்டி போட்டி என்று ஊர் ஊராகப் போனதில் அவளுக்கு வருகை நாட்கள் ஏகமாகக் குறைந்திருந்தன. இப்படியே போனால் பொதுத்தேர்வு எழுத விடமாட்டேன் என்று போன மாதம்தான் வேணுகோபாலை நிற்க வைத்துப் பேசியிருந்தார். அதே மனிதர் இப்போது கையில் ஆப்பிள் பையோடு நின்றார்.

"முட்டி வலின்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. வெளையாடப் போறேன்னா லீவு குடுக்க முடியாது. மெடிக்கல்னா நான் பாத்துக்குறேன். எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கி மேல அனுப்பிடுறேன். பாப்பா வேண்டிய மட்டும் ரெஸ்ட் எடுக்கட்டும்."

ரெஸ்ட் என்றால் காலை முழுக்க கோர்ட்டில் ஆடலாம். பரீட்சையும் எழுதலாம். பஞ்சவர்ணம் கணவனைப் பார்த்தாள். கணவன் சுவரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குக் காபி போடப் போனாள்.

அப்புறம் அந்த வலிக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிட்டார்கள். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், வலியை வென்ற எங்கள் மாணவி என்று ஆள் உயர ஃபிளெக்ஸ் வைத்தார் தாளாளர். அட்மிஷன் நடைபெறுகிறது என்பதைக் கீழே பெரிய எழுத்தில் போட அவர் மறக்கவில்லை. லோக்கல் கேபிள் டிவிக்காரர்கள் வந்து, மகள் அழும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று பஞ்சவர்ணத்தின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்கள். செந்துறையிலிருந்து யாரோ ஒருவர் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார். ஜெயங்கொண்டத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண், பாப்பாவின் காலுக்காக மொட்டை போட்டுக்கொண்டதாக வந்து சொன்னாள். அவளுடைய மழித்த தலையைப் பார்த்ததும் பஞ்சவர்ணம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வாள்?

பள்ளிக்குப் போகும் நாட்களில் கேட்டுக்குள் நுழையும்போது மட்டும் மகளை லேசாக நொண்டச் சொன்னாள். பூவிழிக்கு முதலில் அது விளையாட்டாக இருந்தது. ஒரு நாள் இடது காலில் நொண்டினாள், மறுநாள் வலது காலில் நொண்டினாள். கணக்கு டீச்சர் ஏற இறங்கப் பார்த்ததாகக் கேள்விப்பட்டு பஞ்சவர்ணம் பதறிப்போய், வலது காலைத் தவிர வேறு காலைத் தொடக்கூடாது என்று கண்டித்து வைத்தாள். பிறகு மகள் நொண்டுவதில் தேறிவிட்டாள். படியேறும்போது உதட்டைக் கடிப்பாள், உட்காரும்போது முனகுவாள். நடிப்பு என்று தெரிந்த பஞ்சவர்ணமே சில சமயம் கை கொடுக்க ஓடினாள். ஒரு நாள் மதியம் மகள் பாயில் படுத்துத் தூங்கும்போது பார்த்தாள், வலது முட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி கிடந்தாள். எழுப்பிக் கேட்டதற்கு, "தெரியலம்மா, பழக்கமாயிடுச்சு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன் சென்னையிலிருந்து ஆலை ஆபீசுக்குப் போன் வந்தது. பெரிய டென்னிஸ் பயிற்சி மையம். பூவிழியை ஜூன் மாதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம், தங்க இடம், பிளஸ் ஒன் படிப்பு, வெளிநாட்டுப் போட்டி எல்லாம் எங்கள் பொறுப்பு என்றார்கள். பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். இன்னொன்று, முழங்கால் விஷயம் படித்தோம், அடிபட்ட பிள்ளையை எடுப்பதில்லை, திருச்சியில் ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள், எங்கள் கோச் ஒருமுறை நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இருந்தால்தானே.

வேணுகோபால் அன்று சாமி படத்துக்கு முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அய்யாக்கண்ணுவுக்குச் செய்தி போனதும் அவர் வேறு மாதிரி பேசினார்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வெளிய தெரியக்கூடாதும்மா. மெடிக்கல் சர்டிபிகேட்டு குடுத்து நான்தானே பர்மிஷன் வாங்கியிருக்கேன்? பொய்னு ஆச்சுன்னா ஹால் டிக்கெட்டு வராது. எம் பள்ளிக்கூடமும் நாறிப்போவும். மாவட்டப் போட்டியில ஆடும்போது பாப்பா வலிக்கிற மாதிரி காட்டிக்கணும். டிவிக்காரங்களை வரச் சொல்லியிருக்கேன்."

"சென்னைக்காரங்களும் அன்னிக்குத்தாங்க வராங்க," என்றாள் பஞ்சவர்ணம்.

"அது உங்க பாடு."

ஆலையின் ஆபீசர்ஸ் கிளப் கோர்ட்டில் மாவட்டப் போட்டி நடந்தது. அங்கே மாலையில் ஆட ஒரு ஆள் குறையும்போது இன்ஜினியர்கள் கூப்பிட்டு நிறுத்தித்தான் பூவிழி மட்டையைப் பிடிக்கவே கற்றாள். அன்று காலை ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே அவள் கேட்டாள்.

"அம்மா, இன்னிக்கு நான் எப்படி ஆடணும்? நல்ல காலோடவா, வலிக்கிற காலோடவா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பஞ்சவர்ணம் தலை பின்னி முடித்து, முதுகைத் தட்டி அனுப்பிவிட்டாள்.

கோர்ட்டின் ஒரு பக்கம் சென்னை கோச், தொப்பி போட்ட நடுவயதுப் பெண், கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் டிவி கேமராக்கள், நசீர், நடுவில் சோபா நாற்காலியில் அய்யாக்கண்ணு. எதிர்த்து ஆடியது திருச்சியில் தங்கிப் பயிற்சி எடுக்கும் குன்னம் ஊர்ப் பெண். முதல் செட்டைப் பூவிழி ஊதித் தள்ளினாள். அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து கோச் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். கிடைத்துவிட்டது என்று பஞ்சவர்ணம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

அய்யாக்கண்ணு நாற்காலியோடு அவள் பக்கம் சாய்ந்தார். "என்னம்மா, மான்குட்டி மாதிரி துள்ளுது? எல்லாம் கேமராவுல பதிவாகுது. பரீட்சை வேணுமா வேண்டாமா?"

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலோடு பஞ்சவர்ணம் மகளிடம் போனாள். சொல்லக்கூடாது என்றுதான் போனாள். வாய் தானாகச் சொன்னது.

"ஒரே ஒரு தடவ முட்டியப் புடிச்சுட்டு விட்டுடு கண்ணு. லேசா. அந்தம்மாவுக்குப் பெருசாத் தெரிய வேண்டாம்."

பூவிழி தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது செட்டில் ஓரத்துக்கு வந்த ஒரு பந்துக்காகப் பாய்ந்தாள். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். மட்டை தூரப் போய் விழுந்தது. கேமராக்காரர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அய்யாக்கண்ணு பலமாகத் தலையை ஆட்டினார். சென்னை கோச் எழுந்து நின்றுவிட்டார்.

பஞ்சவர்ணத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. லேசாக என்று சொன்னேனே. இப்படியா புரள்வது? அந்தம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஜூன் மாதம் கையை விட்டுப் போகிறது, இவள் என்னடாவென்றால் கேமராவுக்கு அழுது காட்டுகிறாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மகளின் காதருகே குனிந்தாள்.

"போதும், எந்திரி."

"முடியலம்மா." பூவிழியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "உள்ள என்னமோ அறுந்துபோச்சும்மா. நடிக்கலம்மா."

எல்லாரும் கேட்கும்படிதானே இதையும் சொல்கிறாள் என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். மகளின் விரல்களுக்கு அடியில் முட்டி வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, கோச்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோச் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

பஞ்சவர்ணம் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை, "எந்திரிடி" என்றாள்.