லாபம், ரெண்டு, மூணு

முப்பத்தொன்பது வயதுவரை எனக்கென்று ஒரு கதவு கிடையாது. அண்ணன் வீட்டு ஹாலில், டிவிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில்தான் என் பாய். யார் பாத்ரூம் போனாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். சேலை மாற்ற வேண்டுமென்றால் மதினியை அடுப்படியிலிருந்து கிளப்பிவிட்டு அங்கே மாற்ற வேண்டும். டவுண் ஜவுளிக்கடையில் ஊரில் உள்ள கல்யாணப் பெண்களுக்கெல்லாம் பட்டுச்சேலை கட்டிக் காட்டுகிற முத்துராணியின் நிலைமை இது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அதனால் எங்கள் கடைக்குச் சேலை எடுக்க வருகிற சாரம்மாள் டீச்சர், வாடகைக்கு விட இருந்த தன்னுடைய அபார்ட்மெண்டைக் காட்டியபோது நான் ஜன்னலைப் பார்க்கவில்லை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை. ஒரே ஒரு படுக்கையறை. அதன் கதவைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். வெளியே டீச்சர், "எம்மா, உள்ள மாட்டிக்கிட்டியா?" என்று பதறிவிட்டார்.

அந்தத் தெருவில் முன்பெல்லாம் நெல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகள்தான். எல்லாவற்றையும் இடித்து, பக்கத்து வாய்க்காலைத் தூர்வாரி, கரையில் நடைபாதை போட்டு, விளக்கு நட்டு, இப்போது தெருவே மாறிவிட்டது. என் அண்ணன் பலவேசம் இருபது வருஷம் அங்கேதான் மூட்டை எண்ணினான். எண்ணும்போது 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார்கள். முதல் மூட்டைக்கு 'லாபம்', அப்புறம் 'ரெண்டு', 'மூணு'. கிட்டங்கி போய்விட்டது, அண்ணனிடமிருந்து அந்தப் பழக்கம் போகவில்லை. தட்டில் இட்லி வைத்தாலும் முதல் இட்லி அவனுக்கு லாபம்தான்.

"பொம்பளப்பிள்ள தனியா இருக்கதா? ஊரு என்ன சொல்லும்?" என்று பத்து நாள் முரண்டு பிடித்தான்.

"ஊரு வந்து ஒரு ராத்திரி என் பாயில படுக்கட்டும், அப்புறம் பேசட்டும்" என்றேன்.

கடைசியில் இறங்கி வந்தான். ஆனால் காலண்டரைப் பார்த்துவிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். மறுநாள் கார்த்திகை கடைசி. விடிகாலை ஆறு மணிக்குள் பால் காய்ச்சினால் உண்டு. மார்கழி பிறந்துவிட்டால் தை வரைக்கும் அவன் விடமாட்டான்.

டீச்சருக்கு போன் போட்டேன். "தை வரைக்கும் வீட்டப் பூட்டிப்போட நான் என்ன கிறுக்கியாம்மா? பேங்க்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. நாளைக்கு நீ வரலைன்னா அவருக்குத்தான். கதவுக்கு பேட்டரியில ஓடுற நம்பர் பூட்டு. கட்டுனவங்க எல்லா வீட்டுக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னே வச்சிருக்காங்க. குடி வந்ததும் மொதல்ல அத மாத்து" என்றார்.

விடிகாலை ஐந்து மணிக்குப் போய் இறங்கினோம். நல்ல மழை, கரண்ட் இல்லை, லிஃப்ட் செத்துக் கிடந்தது. மதினி சுடலைவடிவு இடுப்பில் நிறைகுடம். அதைத் தூக்கினால் வீட்டுக்குள் போய்த்தான் இறக்க வேண்டும், வழியில் வைக்கக் கூடாது. என் ஒரு கையில் சின்ன கேஸ் அடுப்பு, இன்னொரு கையில் பாலும் உப்பும் மஞ்சளும் வைத்த பை.

"எத்தனாவது மாடி?" என்றான் அண்ணன்.

"மூணு. வலது கை வீடு."

"நான் எண்ணிக்கிட்டே முன்னால போறேன். நீங்க பையப் பைய வாங்க."

போன் வெளிச்சத்தோடு படியேறினான். கார் நிறுத்துகிற தரையில் காலை வைத்து "லாபம்" என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. அடுப்பைத் தூக்குகிற அவதியில் புத்தியில் விழவில்லை. "கை கழண்டு விழுது, சீக்கிரம் கதவத் தொறங்களேன்" என்று மதினி முனக, அவன் "மூணு" என்றதும் நான் ஓடிப்போய் அடுப்பைக் கீழே வைத்துவிட்டு நம்பரை அழுத்தினேன். கதவு திறந்தது. வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய், இருட்டில் அடுப்பைப் பற்ற வைத்தோம்.

பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கிழக்கால வழிஞ்சிருக்குளா! நீ அமோகமா இருப்ப!" என்று என் நெற்றியில் திருநீறு பூசினான். பத்து நாள் சண்டை போட்டவனா இவன் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கரண்ட் வந்தது. அடுப்படிச் சுவரில் பச்சை டைல்ஸ். டீச்சர் எனக்குக் காட்டியது வெள்ளை. ஹாலில் யாருடையதோ ஒரு சைக்கிள் நின்றது. வாசலில் பெட்டியும் கையுமாக, நனைந்த சட்டையோடு ஒரு பையன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கல்லாம் யாரு?"

"நீரு யாருவே?" என்றான் அண்ணன்.

"இது என் வீடு அண்ணாச்சி."

"கிறுக்கா வே உமக்கு? பாலே காய்ச்சியாச்சு!"

அவன் வாசலுக்கு மேலே கையைக் காட்டினான். இரண்டாம் மாடி என்று எழுதியிருந்தது. பெயர் பெனோ, திசையன்விளைக்காரன், ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்து, சைக்கிளை முந்தின நாளே அனுப்பிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறான். கோபப்படுவான் என்று பார்த்தால், "எங்க வீட்டுல ஜெபம் பண்ணித்தான் குடி வருவோம். சரி, பாலும் காய்ச்சினதா இருக்கட்டும்" என்று சிரித்தான். மதினி முதல் டம்ளரை அவனுக்குத்தான் கொடுத்தாள்.

அண்ணன் மட்டும் சுவரில் சாய்ந்துவிட்டான். "தரையச் சேத்து எண்ணிட்டேன்ளா. பால் இங்கன காய்ச்சியாச்சு. ஒரு குடிக்கு ரெண்டு வாட்டி காய்ச்சக் கூடாது. தையில பாத்துக்கிடலாம்."

தையிலா? தை வரும்போது என் கதவுக்குப் பின்னால் அந்த பேங்க்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

"எண்ணே, மொத மூட்டைய எண்ணும்போது என்ன சொல்லுவ?"

"லாபம்."

"அப்ப இந்தப் பையன் வீட்டுல காய்ச்சுனது லாபம். அத லாபத்துல வை. மேல காய்ச்சப் போறதுதான் என் கணக்கு. நீ தப்பா எண்ணுனதுக்கு நான் இன்னும் ஒரு மாசம் ஹால்ல கெடக்கணுமோ?"

அவன் போனை எடுத்துப் பார்த்தான். மணி ஐந்து ஐம்பது. நான் மதினியைப் பார்த்தேன். நான் போகட்டும் என்று நினைக்கிறாளா, இருக்கட்டும் என்று நினைக்கிறாளா என்று ஒருநாளும் எனக்குப் பிடிபட்டதில்லை. அவள் குனிந்து நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா இவ முழிச்சிக்கிடுவான்னு பதினாறு வருசமா நான் தாகத்தோட படுத்துக் கெடக்கேன்" என்றாள் அண்ணனிடம். "காப்பிக்குன்னு இன்னொரு பாக்கெட் பாலு வாங்கி வச்சிருக்கேன். பைக்குள்ள கெடக்கு. நடங்க."

ஓடினோம். பெனோ அடுப்பைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினான். ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் பால் பொங்கி, கிழக்கு மேற்கு பார்க்காமல் நாலு பக்கமும் வழிந்தது. அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். "வாயத் தொறக்காதீங்க" என்றாள் மதினி.

அவர்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நான் பைய என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். கட்டில் கிடையாது, பாய் கிடையாது. வெறும் தரையில் உட்கார்ந்து, நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது.

கதவில் யாரோ தட்டினார்கள். என் வாழ்க்கையில் என் கதவை ஒருத்தர் தட்டியது அதுதான் முதல் தடவை.

"யாரு?" என்றேன், தெரிந்தும்.

"நாந்தாம்ளா." அண்ணன் குரல் சின்னதாக இருந்தது. "பாலு ஆறிப்போவுது. உள்ள வரலாமா?"

உடனே திறக்கவில்லை. லாபம், ரெண்டு, மூணு என்று மனசுக்குள் எண்ணினேன். அப்புறம்தான் திறந்தேன்.